உள்ளங்காலில் ஒரு மச்சம்: உரியவரிடமே மறைக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கோத்தகிரி வட்டாரத்துப் பள்ளிகளில் முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆசிரியராகவும் பிறகு தலைமையாசிரியராகவும் இருந்து ஓய்வு பெற்றவன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் சான்றிதழுக்காக அங்க அடையாளங்களைக் குறிப்பது ஆண்டுதோறும் என் பொறுப்பில் வரும். ‘இடது கன்னத்தில் ஒரு மச்சம்’, ‘வலது முழங்கைக்குக் கீழே ஒரு மச்சம்’ என்று ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு எழுதியிருக்கிறேன். பெயர் மாறினாலும் முகம் மாறினாலும் மச்சம் மாறாது என்ற நம்பிக்கையில்தான் அதைச் சான்றிதழில் ஏற்றுகிறோம். இத்தனை ஆண்டுகளில் ஒரு பிள்ளைக்குக்கூட உள்ளங்காலில் மச்சம் இருப்பதாக நான் எழுதியதில்லை. அங்கே நாங்கள் பார்த்ததே இல்லை என்பதுதான் உண்மை. சென்ற ஐப்பசி மாதம் என் அக்காவின் உள்ளங்காலில் இருந்த மச்சத்தை ஒரு மருத்துவர் பரிசோதிக்க வேண்டும் என்று சொன்னதிலிருந்து, முடிவு வந்து சேர்ந்த நாள் வரை எங்கள் வீட்டில் நடந்ததை, இதே நிலையில் இப்போது இருக்கக்கூடிய குடும்பங்களுக்காக எழுதுகிறேன்.

அக்காவுக்கு அறுபத்தெட்டு வயது. இலங்கை மலையகத்திலிருந்து எங்கள் குடும்பம் 1970களில் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரம் வந்து, முகாமில் இருந்து, நீலகிரிக்கு அனுப்பப்பட்டபோது அவர் வளர்ந்த பெண், நான் சிறுவன். அவர் கொழுந்து பறித்த கூலியில்தான் நான் படித்தேன். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தேயிலைச் சரிவுகளில் ஏறி இறங்கிய கால்கள் அவருடையவை. கணவர் இறந்த பிறகு எங்களோடு இருக்கிறார். குளிர்காலம் தொடங்கினால் குதிகாலில் பித்தவெடிப்பு வரும்; அதற்கு இரவில் எண்ணெய் தடவிக் கொடுப்பது என் மனைவியின் வழக்கம். அப்படித் தடவும்போதுதான், இடது பாதத்தின் குழிவில் இருந்த கறுப்பு மச்சம் முன்பு மிளகு அளவில் இருந்தது என்றும், இப்போது புளியங்கொட்டை அளவுக்கு வந்திருக்கிறது என்றும், ஓரம் வட்டமாக இல்லாமல் மை கசிந்தது போல ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறது என்றும் அவள் கவனித்தாள்.

அக்கா அதைப் பொருட்படுத்தவில்லை. கொழுந்துக் கறை பல ஆண்டுகளாக ஊறிய விரல்களைக் கொண்டவருக்கு உடம்பில் ஒரு கறுப்புப் புள்ளி செய்தியாகத் தோன்றாது. உறவினர் ஒருவர், பாதத்தில் மச்சம் இருந்தால் கடல் கடந்து போவார்கள் என்பார்கள், நீதான் கப்பலேறி வந்தவளாயிற்றே என்று மகிழ்ச்சியாகவே சொன்னார். இன்னொருவர் சுண்ணாம்பும் சோடாவும் குழைத்து வைத்தால் ஒரு வாரத்தில் உதிர்ந்துவிடும் என்றார். இந்த இரண்டாவது யோசனையை அன்பினால் சொல்பவர்கள் நம் ஊர்களில் இன்றும் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆகவே இதை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சந்தேகப்படும்படி மாறியிருக்கும் மச்சத்தைச் சுண்ணாம்பு வைத்தோ, குதிரை முடியால் கட்டியோ, அழகு நிலையத்தில் சுட்டோ எடுத்துவிட்டால், பரிசோதிப்பதற்கு எதுவும் மிஞ்சாது. மேலே ஆறிவிட்டது போலத் தெரிய, அடியில் இருப்பது வளர்ந்துகொண்டிருக்கலாம். எடுப்பதானால் மருத்துவர் முழுதாக எடுத்து, எடுத்ததை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவர் இளம் பெண். பாதத்தை வெளிச்சத்தில் பிடித்து நிதானமாகப் பார்த்துவிட்டு, பெரும்பாலும் சாதாரண மச்சமாகத்தான் இருக்கும் அம்மா, ஆனாலும் தோல் மருத்துவர் ஒருமுறை பார்த்துவிடட்டும் என்று கோயம்புத்தூருக்கு எழுதிக் கொடுத்தார். அந்த வாக்கியத்தில் இரண்டு பாதிகள் உண்டு. அக்கா முதல் பாதியைக் கேட்டார். நான் இரண்டாவது பாதியை மட்டும் கேட்டேன்.

அன்று இரவு அனைவரும் உறங்கிய பிறகு கைப்பேசியில் தேடினேன். வந்து விழுந்த படங்களை இங்கே விவரிக்க மாட்டேன். அவற்றுள் பெரும்பாலானவை வெள்ளைத் தோலில் வரும் முற்றிய நிலைகள் என்பதும், எங்களுக்கு அவற்றால் எந்தப் பயனும் இல்லை என்பதும் பிறகுதான் புரிந்தது. ஓர் இரவில் நான் எனக்கே பெரிய கெடுதல் செய்துகொண்டேன். காலையில் மருமகனுக்கு, அதாவது அக்காவின் மகனுக்கு, திருப்பூருக்குப் பேசினேன். “மாமா, அம்மாவிடம் மட்டும் எதுவும் சொல்லிவிடாதீர்கள்” என்பதுதான் அவன் முதலில் சொன்னது. நானும் அதையே நினைத்திருந்தேன். அக்காவிடம், வெடிப்புக்கு நல்ல மருந்து வாங்கக் கோயம்புத்தூர் போகிறோம் என்று சொல்வதாக முடிவு செய்தோம்.

ஆசிரியர் அவர்களே, நான் இந்தக் கடிதத்தை எழுதக் காரணமே அந்த முடிவுதான். நம் குடும்பங்களில் இது பழக்கமாகவே ஆகிவிட்டது. நோய் யாருடைய உடம்பில் இருக்கிறதோ அவருக்குத் தெரியாமல், சமையலறையிலும் வாசலிலும் தொலைபேசியிலும் மற்ற அனைவரும் கூடிப் பேசுகிறோம். அவர் உள்ளே வந்தால் பேச்சை மாற்றுகிறோம். அதை அன்பு என்றே நம்புகிறோம். அன்பும் அதில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பன்னிரண்டு நாட்கள் அப்படி வாழ்ந்து பார்த்த பிறகு சொல்கிறேன், அதைவிடத் தனிமையான நாட்களை நான் கண்டதில்லை. என் பயத்தை நான் என் மனைவியிடம்கூட முழுதாகச் சொல்லவில்லை. அவள் அவளுடைய பயத்தை என்னிடம் சொல்லவில்லை. எண்ணெய் தடவும்போது அவள் கை அந்த இடத்தில் ஒரு நொடி நின்று நகர்வதை அக்கா கவனித்திருக்கிறார். நான் நாளுக்குப் பத்து முறை ஏதாவதொரு சாக்குச் சொல்லி அவருடைய காலைப் பார்த்ததையும் கவனித்திருக்கிறார்.

மழையும் சேர்ந்துகொண்டது. ஐப்பசி, கார்த்திகையில் மலைப்பாதையின் நிலை நீலகிரிக்காரர்களுக்குத் தெரியும். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு 33 கிலோமீட்டர்தான். மண் சரிந்து மரம் விழுந்தால் அந்தத் தூரம் எட்டாத தூரமாகிவிடும். எங்களுக்குக் கொடுத்திருந்த நாளில் பேருந்து ஓடவில்லை. அடுத்த முறை கிடைக்க ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அன்று மாலை நான் அடுப்படியில் நின்று மருமகனிடம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தபோது அக்கா வந்து நின்றார். “என் காலைப் பற்றி என்னைத் தவிர எல்லோரிடமும் பேசுகிறாயே, தம்பி. அந்தக் கால் என்னுடையதுதானே?” என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. சிறு வயதில் நான் கணக்குத் தெரியாமல் விழித்தபோது பக்கத்தில் உட்கார்ந்து கேட்பாரே, அந்தக் குரலில் கேட்டார்.

அடுப்பின் முன் அக்காவும் என் மனைவியும் நானுமாக மூவரும் உட்கார்ந்தோம். எனக்குத் தெரிந்ததை எல்லாம் சொன்னேன். புற்றுநோய் என்ற சொல்லையும் சொன்னேன். அவர் அழவில்லை. தனக்கு அந்தச் சந்தேகம் முதல் நாளே வந்துவிட்டதாகவும், நாங்கள் பயந்துவிடுவோமே என்று வெளியில் காட்டாமல் இருந்ததாகவும் சொன்னார். மூவரும் ஒரே பயத்தை ஒருவருக்கொருவர் ஒளித்து வைத்துக்கொண்டு, ஒரே வீட்டில் பன்னிரண்டு நாட்கள் சோறு உண்டிருக்கிறோம்.

அன்றிரவு அக்கா உறங்கினார். நானும் உறங்கினேன்.

அதன் பிறகு எங்கள் கவலை குறைந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு ஓர் அளவும் இடமும் கிடைத்தன. மாலை விளக்கு வைத்த பிறகு அரை மணி நேரம் அதைப் பற்றிப் பேசுவது, மற்ற நேரங்களில் அக்கா தன் பீன்ஸ் பாத்தியைப் பார்ப்பது, நான் என் வேலையைப் பார்ப்பது என்று அவரே வகுத்தார். நாளுக்குப் பத்து முறை காலைப் பார்ப்பதை நிறுத்தச் சொன்னார். அதற்குப் பதிலாக, மச்சத்தின் அருகில் பள்ளிக்கூட அளவுகோலை வைத்து ஒரு படம் எடுத்து, தேதியைக் குறித்து வைத்தோம். இது மருத்துவருக்கும் உதவியது, எங்களுக்கும் உதவியது. நேற்றைவிட இன்று பெரிதாகிவிட்டதோ என்று கண் செய்யும் மாயத்துக்கு அந்த ஒரு படம் பதில் சொல்லிவிடும். கைப்பேசியில் தேடுவதை நானாகவே விட்டேன். கேட்க வேண்டியவற்றை ஒரு நோட்டில் எழுதினோம். அதில் அக்கா சொல்லி நான் எழுதிய முதல் கேள்வி, “முடிவு எத்தனை நாளில் வரும், அதை யார் எனக்குச் சொல்வார்கள்?” என்பது.

கோயம்புத்தூரில் தோல் மருத்துவர் சிறு விளக்குப் பொருத்திய ஓர் உருப்பெருக்கியைப் பாதத்தில் வைத்துப் பார்த்தார். டெர்மாஸ்கோப் என்றார். கைரேகை போலவே பாதத்திலும் மேடும் பள்ளமுமாகக் கோடுகள் உண்டு. கறுப்பு நிறம் பள்ளங்களின் வழியே ஓடினால் பெரும்பாலும் கவலை இல்லை, மேடுகளின் மேல் படிந்திருந்தால் கட்டாயம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று விளக்கினார். அக்காவுக்கு ஓரிடத்தில் தெளிவாகத் தெரியவில்லை என்பதாலும், ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்திருந்ததாலும், மரத்துப்போக ஊசி போட்டு அதை முழுதாக எடுத்துப் பயாப்சி என்ற திசுப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அரை மணி நேர வேலை. மறுநாள் தரையில் காலூன்ற முடியாத வலி இருந்தது, அவ்வளவுதான்.

அந்த மருத்துவர் பொறுமையாகச் சொன்ன சிலவற்றை இங்கே எழுதுவது பிறருக்குப் பயன்படும். தோலுக்கு நிறம் தரும் செல்கள் ஓரிடத்தில் கூட்டமாகச் சேர்வதுதான் மச்சம். அநேகமாக நம் எல்லோர் உடம்பிலும் அது இருக்கிறது. மிகப் பெரும்பாலானவை வாழ்நாள் முழுதும் எந்தத் தொல்லையும் தருவதில்லை. அந்தச் செல்களில் தொடங்கும் மெலனோமா என்ற புற்றுநோய் நம் நாட்டில் அரிது. ஆனால் நம்மைப் போன்ற கறுத்த தோல் உடையவர்களுக்கு அது வரும்போது, உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களில்தான் அதிகம் வருகிறது. அவை வெயில் அதிகம் படாத இடங்கள். மலையில் உயரம் கூடக் கூட, ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்து விழுக்காடு என்ற அளவில், புற ஊதாக் கதிர் கூடுகிறது என்பது உண்மைதான். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எனினும் பாதத்தில் வருவதற்கு வெயிலைக் காரணமாகச் சொல்ல முடியாது. வெயிலில் வேலை செய்து பழகிய கறுத்த உடம்பு நம்முடையது, நமக்கு இதெல்லாம் வராது என்று இருப்பதும் சரியில்லை. ஜமைக்காவின் புகழ்பெற்ற பாடகர் பாப் மார்லிக்குக் கால் பெருவிரல் நகத்தின் கீழ் வந்தது இதே நோய்தான். 1981இல், 36ஆவது வயதில் அவர் இறந்தார்.

நகத்தைப் பற்றி எழுதும்போது ஒரு பெரியவரின் நினைவு வருகிறது. எங்கள் லைன் வீடுகளில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருந்தவர். பெருவிரல் நகத்தில் கறுப்புக் கோடு விழுந்ததை, கல் இடித்து இரத்தம் கட்டியது என்று இரண்டு ஆண்டுகள் வைத்திருந்தார். கட்டிய இரத்தம் நகம் வளர வளர அதோடு சேர்ந்து முன்னே நகர்ந்து வெளியேறிவிடும். நகராமல் அதே இடத்தில் நின்று, அகலமாகி, நகத்தைச் சுற்றியுள்ள தோலிலும் கறுப்பு பரவினால் அது வேறு. இதை அவருக்குச் சொல்ல யாரும் இல்லை. அவர் காட்டிய ஒரு மருத்துவமனையிலும் காலணியைக் கழற்றச் சொல்லிப் பார்க்கவில்லை. காலம் கடந்து போனது.

மச்சத்தில் கவனிக்க வேண்டியவை அதிகமில்லை. இரண்டு பாதிகளும் ஒன்று போல் இல்லாமல் இருப்பது, ஓரம் சீராக இல்லாமல் கசிவது, ஒரே மச்சத்தில் பல நிறம் தெரிவது, பென்சிலின் குறுக்களவை, அதாவது சுமார் 6 மில்லிமீட்டரை, தாண்டுவது. இவை எல்லாவற்றையும்விட, சில மாதங்களில் மாறிக்கொண்டே வருவது. ஆறாத புண்ணாக மாறுவதும் இரத்தம் கசிவதும் உடனே காட்ட வேண்டியவை. இந்த நோயில் அகலத்தைவிட ஆழமே முக்கியம். எத்தனை மில்லிமீட்டர் ஆழத்துக்கு இறங்கியிருக்கிறது என்று அளந்து பார்க்கும் முறையை அமெரிக்க நோயியல் மருத்துவர் அலெக்சாண்டர் பிரெஸ்லோ 1970இல் வகுத்தார். இன்றும் அந்த அளவையே மருத்துவர்கள் முதலில் பார்க்கிறார்கள். ஒரு மில்லிமீட்டருக்குள் இருக்கும்போதே எடுத்துவிட்டால் மிகப் பெரும்பாலோர் பிழைத்து நன்றாக இருக்கிறார்கள். இந்த ஒரு செய்தி எனக்கு முதல் இரவிலேயே தெரிந்திருந்தால், நான் வேறு மாதிரி பயந்திருப்பேன். உறைந்து போகாமல் விரைந்து நடக்கச் செய்யும் பயமாக அது இருந்திருக்கும்.

பயாப்சி முடிவுக்குப் பதினோரு நாட்கள் காத்திருந்தோம். காத்திருப்பதுதான் இதில் எல்லாவற்றையும்விடக் கடினம். அந்த நாட்களில் எங்களுக்குப் பயன்பட்டது, அக்கா எழுதச் சொன்ன அந்த முதல் கேள்விதான். இன்ன தேதிக்குப் பிறகு இந்த எண்ணுக்குப் பேசுங்கள் என்று மருத்துவமனைச் செவிலியர் நோட்டிலேயே எழுதிக் கொடுத்திருந்தார். அதனால் அந்தத் தேதிக்கு முன்பு வந்த ஒவ்வொரு தொலைபேசி மணிக்கும் நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை. ஒரே ஒரு நாள் நள்ளிரவில் எனக்கு மூச்சு முட்டியது. 14416 என்ற டெலி மானஸ் இலவச எண்ணுக்குப் பேசினேன். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய மனநல உதவி எண் அது. எந்த நேரமும் பேசலாம். மறுமுனையில் தமிழில் பேசியவர் எனக்கு அறிவுரை எதுவும் சொல்லவில்லை, முழுதாகக் கேட்டார். நோயாளிக்கு மட்டுமன்றி, நோயாளியின் தம்பிக்கும் அது உரியது என்பதை அன்று அறிந்தேன். தமிழ்நாடு அரசின் 104 என்ற எண்ணிலும் மருத்துவ ஆலோசனை கிடைக்கிறது.

உடனிருப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘ஒன்றும் இருக்காது’ என்று மீண்டும் மீண்டும் சொல்லாதீர்கள். நானும் சொன்னேன். அக்கா ஒரு நாள், “அப்படிச் சொல்லும்போது நீ என்னை வாயை மூடச் சொல்கிறாய்” என்றார். ‘முடிவு எதுவாக இருந்தாலும் அன்று நான் உன்னோடு வருவேன்’ என்று சொன்னபோதுதான் அவர் முகம் தெளிந்தது. அந்த வாக்கை உண்மையாகவே காப்பாற்ற முடியும். முதல் வாக்கைக் காப்பாற்றுவது நம் கையில் இல்லை.

முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை, ஆனால் செல்களில் இலேசான மாறுதல் இருப்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்ட வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அந்தக் காகிதத்தை மருத்துவர் என்னிடம் நீட்டினார். நான் அதை வாங்காமல் அக்காவிடம் கொடுக்கச் சொன்னேன். அவர் எழுத்துக்கூட்டித் தமிழ் படிப்பார், ஆங்கிலம் படிக்கத் தெரியாது. இருந்தாலும் தன் கையில் வாங்கி, பார்த்து, பிறகு என்னிடம் தந்து, படித்துச் சொல் என்றார்.

இதைப் படிக்கும் பொறுப்பில் உள்ளவர்களிடம் சில கோரிக்கைகள் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கச் சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். மலைக் கிராமங்களிலும் லைன் வீடுகளிலும் அந்தச் சகோதரிகள் வரும் நாளுக்காக முதியவர்கள் காத்திருப்பதை நான் அறிவேன். அவர்கள் வரும்போது இரண்டு பாதங்களையும் பத்து நகங்களையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போனால் ஒரு நிமிடம்தான் ஆகும். சர்க்கரை நோயாளிகளின் பாதத்தை எப்படியும் பார்க்கத்தான் வேண்டும். அதோடு இதையும் பார்க்கலாம். மழைக்காலத்தில் பாதை அடைபட்டு மருத்துவரைப் பார்க்கும் நாளைத் தவறவிடும் மலைவாசிகளுக்கு, வரிசையின் கடைசிக்குத் தள்ளாமல் அடுத்த நாளே இடம் தர ஏற்பாடு வேண்டும். வெளியூர் நோயாளிகளுக்குப் பயாப்சி முடிவு வரும் தேதியை எழுத்தில் கொடுப்பதை எல்லா மருத்துவமனைகளும் வழக்கமாக்க வேண்டும். இதற்கெல்லாம் பெரிய நிதி தேவையில்லை என்றே நினைக்கிறேன்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தைப் பல ஆண்டுகள் மனத்தில் சுமந்து, 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார் என்று என் மாணவர்களுக்குப் பலமுறை பாடம் நடத்தியிருக்கிறேன். ஓர் உடன்பிறப்பின் மனம் அந்த நாட்களில் என்ன பாடுபட்டிருக்கும் என்று ஒருமுறையாவது நின்று யோசித்துப் பாடம் நடத்தினேனா என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

தங்கள் நாளிதழிடமும் ஒரு வேண்டுகோள். மருத்துவப் பக்கத்தில் மச்சத்தைப் பற்றி எழுதும்போது, நம் தோல் நிறத்தில், நம் உள்ளங்காலிலும் நகத்திலும் எப்படித் தெரியும் என்பதைக் காட்டும் படங்களை, அச்சமூட்டாத ஆரம்ப நிலைப் படங்களாக, அரைப் பக்கத்துக்குப் பெரிதாக வெளியிடுங்கள். அக்கா அதை வெட்டி, காலையில் கொழுந்து எடைபோடும் இடத்துச் சுவரில் ஒட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். இந்தக் கடிதத்தையும் அவருக்கு முழுதாகப் படித்துக் காட்டி, அவருடைய சம்மதத்தோடுதான் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.